நாற்பத்தேழாம் எண் நெல்லின் வாசம்

கீழ்மாந்தூர் நெல் ஆராய்ச்சி நிலையத்தில் நாற்பத்தேழாம் எண் நெல்லின் இலையிலிருந்து வடிவாம்பாளின் வாசம் வந்தது ஐப்பசி மாதத்து ஒரு புதன்கிழமை, காலை பதினொரு மணிக்கு, டீ வருவதற்குச் சற்று முன்பு. அதை முதலில் முகர்ந்த கோசலை, கண்ணாடித் தட்டின் மூடியை மூக்கருகே பிடித்தபடியே, "அட, இது நம்ம ஞானசுந்தரம் அண்ணன் மக வடிவுல்ல" என்று சொல்லிவிட்டு, தாளில் மூன்று போட்டுக் கையெழுத்திட்டு, தட்டைப் பக்கத்து ஆளிடம் நகர்த்தினாள்.

அந்த வருடம் நிலையம் பேப்பரில் போட்ட அறிவிப்பைப் பார்த்து ஏழு மாவட்டத்து விவசாயிகள், தங்களிடம் இருப்பதில் வாசனை நெல் எது, பேருக்கு வாசனை என்று சொல்லிக்கொள்கிற நெல் எது என்று பிரித்துத் தரச் சொல்லி ஆளுக்கொரு கைப்பிடி விதை அனுப்பியிருந்தார்கள். அனுப்பியவர் பெயரையும் ஊரையும் ஓர் உறைக்குள் வைத்து அரக்கு ஒட்டிப் பீரோவில் பூட்டிவிட்டு, விதைக்கு எண் மட்டும் கொடுத்து, எண்பது பாத்திகளில் எண்பது நெல்லையும் நட்டிருந்தார் டாக்டர் பெனாசிர். கீழக்கரையில் பிறந்தவர், மரபணு படித்தவர், முகரும் சோதனை நடக்கிற மாதங்களில் பவுடரோ வாசனைச் சோப்போ தொடாதவர். நட்ட பயிர் வேர் பிடித்ததும் இலையைப் பறித்துப் பொடியாக நறுக்கி, கண்ணாடித் தட்டில் காரக் கரைசலை ஊற்றிப் பத்து நிமிடம் மூடி வைத்தால், நெல்லில் வாசம் இருந்தால் அது இலையை விட்டு வெளியே வரும். அதை ஐந்து பேர் வரிசையாக முகர்வார்கள். வாசம் இல்லையென்றால் சைபர், தூக்கலாக இருந்தால் மூன்று. ஐந்து பேரும் வாசம் உண்டு என்று ஒத்துச் சொன்னால் உறையை அப்போதே பிரித்துவிடலாம். ஒருவர் மாறிச் சொன்னாலும், பயிர் பூக்கும்போதும் கதிர் முற்றும்போதும் நடக்கிற அடுத்த சோதனைகளில் ஐந்து பேரும் ஒத்துப்போனால் ஒழிய, அறுவடை முடிந்து அரிசியை மென்று பார்க்கிற வரைக்கும் உறையைத் தொடக் கூடாது என்பது சட்டம். எப்படியிருந்தாலும் ஐந்து பேர் கையெழுத்தோடு அந்தத் தாளின் நகல் தலைமை அலுவலகத்துக்குப் போய், அங்கிருந்து விதை அனுப்பியவருக்குத் தபாலில் போய்விடும்.

வரிசையில் ஐந்தாவதாக உட்கார்ந்திருந்தவர் வடிவின் அப்பா ஞானசுந்தரம். ஐம்பத்தெட்டு வயது, அதில் முப்பத்தொரு வருடம் அந்த நிலையத்துச் சேற்றில் நின்றவர். இருட்டு அறைக்குள் பத்து மூட்டை நெல்லை அடுக்கி வைத்தால் எதில் சீரகச் சம்பா, எதில் அதோடு வேறு நெல் கலந்திருக்கிறது, எந்த மூட்டை மழையில் நனைந்து காய்ந்தது என்று வாசலில் நின்றே சொல்கிற மூக்கு அவருக்கு. அந்த மூக்கை நம்பித்தான் நிலையம் எத்தனையோ நெல்லுக்குச் சான்று கொடுத்திருந்தது.

அவருக்குத் தட்டு வந்து சேருவதற்குள்ளேயே தெரிந்துவிட்டது. மூன்றாவது ஆள் மூடியைத் திறந்தபோதே, அரசு ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டு வாசலில் ஒரு பழைய வேட்டித் துணியில் சுற்றிக் கொடுத்தார்களே, அந்தச் சிவந்த மண்டையின் வாசம், இன்னும் முழுதாகத் துடைக்காத ஈரத்தின் வாசம், முப்பது வருடத்தைத் தாண்டி வந்து அவர் நெஞ்சில் ஏறி உட்கார்ந்துகொண்டது. தட்டு அவர் முன்னால் வந்தது. மூடியைத் திறந்தார். மூச்சை உள்ளே இழுத்தார். மற்ற நான்கு பேரும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவரையே பார்த்தார்கள்.

சைபர் போட்டார்.

ஒன்பது வருடத்துக்கு முன்பு, தை மாதத்து அறுவடைக்குத் தர்மபுரிப் பக்கத்திலிருந்து அறுவடை மெஷின் ஓட்டி வந்த மாதையன் என்கிற டிரைவரோடு வடிவு போய்விட்டாள். அவன் வேறு சாதி, வேறு சீமை. மெஷின் ஏறிய லாரியிலேயே ஏறிப் போனாள் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். மூன்றாம் நாள் ஞானசுந்தரம் ஊர் ஆட்கள் நாற்பது பேர் பார்க்க ஆற்றில் இறங்கித் தலை முழுகினார். "எனக்கு மக இல்லை. இருந்தவ செத்துட்டா" என்று ஈர வேட்டியோடு சொன்னார். சொன்ன சொல்லில் அன்றிலிருந்து நின்றுகொண்டிருந்தார். இப்போது ஒரு கண்ணாடித் தட்டுக்கு முன்னால் மூன்று போட்டால் அந்த ஆற்றில் முழுகியது பொய்யென்று ஆகிவிடும் என்று அவருக்குத் தோன்றியது.

டாக்டர் பெனாசிர் தாளைப் பார்த்தார். மூன்று, மூன்று, மூன்று, மூன்று, சைபர். யாரையும் ஒன்றும் கேட்காமல் நாற்பத்தேழின் இலையை எடுத்துக்கொண்டு போய் மரபணுவைப் பிரித்து, ஜெல்லில் மின்சாரம் விட்டு ஓட்டி, அதில் விழுந்த பட்டைகளைப் படமெடுத்தார். ஒரு தடவைக்கு மூன்று தடவை ஓட்டினார்.

"வாசனை நெல்லுன்னா அந்த மரபணுவுல எட்டு எழுத்து குறைஞ்சிருக்கும் அண்ணே" என்று ஞானசுந்தரத்திடம் படத்தைக் காட்டினார். "அந்தக் குறை இருக்கிறதாலதான் வாசமே வருது. இங்க பாருங்க, சீரகச் சம்பாவோட பட்டை இவ்வளவு கீழே இறங்கியிருக்கு. நாற்பத்தேழு மேலேயே நிக்குது. இதுல எதுவுமே குறையலை. இது வாசனை நெல்லே இல்லை."

"அதைத்தான் மேடம் நானும் எழுதியிருக்கேன்."

"ஆமா. ஆனா எனக்கும் வாசம் வருது அண்ணே" என்றார் பெனாசிர். "உங்க மகளை நான் பார்த்ததில்லை. யாரோ ஒரு கைக்குழந்தை பக்கத்துல படுத்திருக்கிற மாதிரி இருக்கு. நான் ரெண்டையும் எழுதி வைக்கிறேன். ஜீன் இல்லை, வாசம் இருக்கு."

கோசலை அன்று சாயங்காலமே நாகவல்லியிடம் சொல்லிவிட்டாள். நாகவல்லி ஞானசுந்தரத்தின் மனைவி. அவள் அடுப்பை அணைத்து, சோற்றை மூடி வைத்து, வயல் வழியாக நடந்து நாற்பத்தேழாம் பாத்தியின் வரப்பில் போய் உட்கார்ந்தாள். அன்றிலிருந்து தை மாதம் வரைக்கும் விடிந்ததிலிருந்து பொழுது சாய்கிற வரை அவள் அங்கேதான் இருந்தாள், நடுவில் போய்ப் புருஷனுக்குச் சமைத்து வைத்துவிட்டு வருவாள்.

பயிர் வளர வளர வாசமும் வளர்ந்தது. தூர் கட்டுகிற சமயத்தில் நாற்பத்தேழாம் பாத்தியில் பால் பவுடரும் வேப்பெண்ணெயும் வீசியது. கார்த்திகை அடைமழை விட்டபோது பலப்பமும் நனைந்த ரிப்பனும் பிள்ளைகள் தின்கிற புளிப்பு மிட்டாயும் வீசியது. ஊர் ஜனம் ஒவ்வொருவராக வந்து பார்த்துவிட்டுப் போனார்கள், வந்தவர்கள் அவரவர் வயிற்றெரிச்சலையும் அவரவர் பாசத்தையும் கொண்டுவந்தார்கள். மூன்றாம் வகுப்பு வாத்தியார் பஸ் பிடித்து வந்து, ஒரு தடவை அந்தப் பிள்ளை செய்யாத தப்புக்கு அடித்துவிட்டேன் என்று வரப்பில் நின்று சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸில் போனார். தையல்காரர் காஜா, வாசம் முழங்கால் உயரத்திலிருந்து இடுப்பு உயரத்துக்கு வந்துவிட்டது, பாவாடை அளவை மாற்ற வேண்டும் என்றார். கோயில் கமிட்டி கூடிப் பேசி, அது சர்க்கார் நிலம் என்பதால் சூடம் கொளுத்தக் கூடாது, ஆனால் போகிறவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டுப் போகலாம் என்று முடிவு செய்தது. டீக்கடைக்காரர் தன் தள்ளுவண்டியை நிலையத்துப் பின் கேட்டுக்கு மாற்றிக்கொண்டார். பெனாசிர் எல்லாரிடமும் ஒன்றை மட்டும் கேட்டுக்கொண்டார்: பயிரைத் தொடாதீர்கள், பக்கத்துப் பாத்தியை மிதிக்காதீர்கள்.

மார்கழியில் கதிர் வெளியே வந்து பூத்தது. நெல் பூ காலையில் இரண்டு மணி நேரம்தான் விரிந்திருக்கும். அந்த இரண்டு மணி நேரமும் நாற்பத்தேழிலிருந்து மஞ்சளும் புதுப்புடவைக் கஞ்சியும் கதம்பமும் வீசியது, அதோடு கூடவே டீசலும் கிரீசும் வீசியது. பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். டீசல் வாசத்துக்குள் மஞ்சள் வாசம் அப்படி ஒண்டிக்கொண்டு கிடந்ததைப் பார்த்து, அந்தப் பெண் சந்தோஷமாகத்தான் போயிருக்கிறாள் என்பது ஒன்பது வருடம் கழித்து அவர்களுக்குத் தெரிந்தது.

மறுநாள் காலை பூ விரிகிற நேரத்துக்கு, அன்றைக்கு அந்தக் கல்யாணத்துக்குப் போகாத ஊர், போகக் கூடாது என்று பேசி முடிவெடுத்த ஊர், தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கும் வாழைப்பழமும் ஒரு அரக்குப் புடவையும் ஒரு பட்டு வேட்டியும் வைத்துத் தூக்கிக்கொண்டு வரிசையாக வரப்பில் வந்து நின்றது. நாகவல்லி எழுந்து, பெண்ணின் தாயாக எல்லாரையும் வாங்க வாங்க என்று கேட்டாள். மஞ்சள் அரிசியைப் பாத்திமேல் தூவினார்கள். "நெல்லைத் தூவிடாதீங்கம்மா, அரிசின்னா பரவாயில்லை, முளைக்காது" என்று பெனாசிர் பின்னாலிருந்து மெதுவாகச் சொன்னார்.

ஞானசுந்தரம் பன்னிரண்டாம் பாத்தியில் முதுகைத் திருப்பிக்கொண்டு மடை மாற்றிக்கொண்டிருந்தார். மடையில் தண்ணீர் ஏற்கனவே சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

பூத்த பயிரின் இலையில் இரண்டாம் சோதனை நடந்தது. அதற்கு முந்தின நாள் நாகவல்லி அவரிடம் கேட்டாள். ஒன்பது வருடத்தில் மகளைப் பற்றி அவரிடம் அவள் பேசிய முதல் பேச்சு அது.

"அஞ்சு பேரும் ஒத்துச் சொன்னா உறையைப் பிரிப்பாங்களாமே."

"ஆமா."

"ஊர் தெரிஞ்சிடும்."

"வாசம் இருந்தாத்தானே."

"என்னங்க, உங்களுக்கு வரலையா?"

அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்த கையை உதறிவிட்டு எழுந்துபோனார். மறுநாள் தாளில் மறுபடியும் மூன்று, மூன்று, மூன்று, மூன்று, சைபர். கோசலை தாளைப் பார்த்துவிட்டு, "உங்க மூக்கு அழுகிப் போகணும் அண்ணே" என்று சொல்லிவிட்டு எழுந்து வெளியே போய் அழுதாள். அவளுக்கு முன்னால் யாரும் அவரிடம் அப்படிப் பேசியதில்லை. பேசட்டும் என்றுதான் அவருக்கு இருந்தது.

கதிர் பால் பிடித்தபோது பாத்தி முழுக்கத் தாய்ப்பால் வாசம் அடித்தது. கைக்குழந்தைக்காரிகள் அந்தப் பக்கம் நடந்தால் ரவிக்கை நனைந்தது என்பதால் சுற்றிக்கொண்டு போனார்கள். யாரோ கருவ மரத்தில் ஒரு பழைய புடவையால் தூளி கட்டிவிட்டார்கள். நாகவல்லி வெறும் தூளியை ஆட்டிக்கொண்டு, பேரனோ பேத்தியோ தெரியாத பிள்ளைக்கு இரண்டு பேருக்கும் பொதுவாக வருகிற பாட்டாகப் பார்த்துப் பாடினாள். ஞானசுந்தரம் அந்த நாட்களில் வேலை முடிந்து போகும்போது அதுவரை போனதுபோல் தெற்கே சுற்றிக்கொண்டு போகாமல், அந்தப் பாத்தியை ஒட்டிய நேர் வழியிலேயே போகத் தொடங்கினார். நிற்க மாட்டார். நடையை மட்டும் கொஞ்சம் குறைத்துக்கொள்வார்.

தை பிறந்து எட்டாம் நாள் மணி கெட்டிப்பட ஆரம்பித்தபோது வாசம் மாறியது. முதலில் ஸ்பிரிட் மாதிரி இருந்தது. பிறகு பினாயில். பிறகு வாயில் ஏதோ இரும்பை வைத்த மாதிரி ஒரு நெடி. யாருக்கும் பிடிபடவில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்து ஓய்வு பெற்ற அம்புரோஸைக் கூட்டிவந்தார்கள். அவர் வரப்பில் குந்தி உட்கார்ந்து கண்ணை மூடி வெகுநேரம் முகர்ந்தார்.

"இது கிட்னி வார்டு" என்றார். "ரத்தம் சுத்தம் பண்ற மெஷின் இருக்கிற ரூம் இப்படித்தான் இருக்கும். ரொம்ப நாளா போய்ட்டு வந்துட்டு இருக்குது பிள்ளை. இப்ப அங்கேயே படுத்திருக்குது போல."

நாகவல்லி வரப்பிலிருந்து எழுந்து, எண்பது பாத்தியையும் குறுக்கே மிதித்துக்கொண்டு ஓடினாள். யாரும் தடுக்கவில்லை. பெனாசிரின் அறையில் ஞானசுந்தரம் விதைப் பைகளுக்குச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தார். அவர் காலடியில் விழுந்து இரண்டு பாதத்தையும் பிடித்துக்கொண்டாள்.

"ஒரு மூணு போடுங்க. உங்களை ஒண்ணும் கேட்கலை. வீட்டுக்குக் கூப்பிடுங்கன்னு கேட்கலை. ஒரு மூணு போடுங்க, ஊர் பேரை மட்டும் சொல்லிடுவாங்க, நான் போய்ப் பார்த்துட்டு வந்துடறேன்."

பெனாசிர் பீரோவைத் திறந்து தாளை எடுத்து மேஜைமேல் வைத்தார். "ரெண்டாம் தாள் இன்னும் என்கிட்டதான் இருக்கு அண்ணே. நான் அனுப்பலை. அனுப்ப மனசு வரலை. நீங்க திருத்தி ஒரு கையெழுத்துப் போட்டா இந்த நிமிஷமே உறையைப் பிரிச்சிடுவேன்."

ஞானசுந்தரம் பேனாவை எடுத்தார். மூக்குக்குள் ஸ்பிரிட் வாசம் இருந்தது, அதற்கு அடியில், மிக அடியில், அந்தச் சிவந்த மண்டையின் ஈரம் இன்னும் இருந்தது. சைபரின் மேல் பேனா முனையை வைத்தார். ஆற்றங்கரையில் நின்ற நாற்பது பேரும் அறைக்குள் வந்து நின்றதுபோல அவருக்கு மூச்சு முட்டியது. அவர்களில் பாதிப் பேர் இருபது நாளைக்கு முன்னால் தாம்பாளம் தூக்கியவர்கள் என்பது அவருக்கு நினைவு வரவில்லை.

"நாளைக்குப் பார்க்கலாம்" என்றார். "நாளைக்குக் காலையில போட்டுடறேன். சத்தியமா."

நாகவல்லி அவர் பாதத்தை விட்டாள்.

மறுநாள் பொழுது விடிந்ததும் அவர் குளித்து, வெளுத்த சட்டை போட்டு, எங்கேயும் சுற்றிக்கொண்டு போகாமல் நேராக நாற்பத்தேழாம் பாத்திக்குப் போனார். கோசலையும் மற்றவர்களும் ஏற்கனவே அங்கே நின்றிருந்தார்கள். நாகவல்லி மண்ணில் முகத்தை வைத்துக் குப்புறக் கிடந்தாள். கதிர்கள் பொன் நிறத்தில் தலை சாய்ந்து நின்றன. அவர் குனிந்தார், ஒரு கதிரைக் கையில் ஏந்தி மூச்சை இழுத்தார், இன்னொன்றை ஏந்தி இழுத்தார், முழங்கால் போட்டு உட்கார்ந்து பயிருக்குள் முகத்தை நுழைத்து இழுத்தார். வைக்கோல் வாசம் வந்தது. ஈர மண் வாசம் வந்தது. எல்லாப் பாத்தியிலும் வருகிற வாசம்தான் வந்தது.

வாசம் போன பிறகு பழைய தாளைத் திருத்தக் கூடாது என்பதால், சட்டப்படி மூன்றாம் சோதனை நடந்தது. நான்கு பேரும் அழுதுகொண்டே முகர்ந்து, இல்லாததை உண்டு என்று எழுத முடியாமல், சைபர் போட்டார்கள். ஞானசுந்தரம் மூன்று போட்டார். பேனா தாளைக் கிழித்துக்கொண்டு போகும் அளவுக்கு அழுத்திப் போட்டார். ஐந்து பேரும் ஒத்துச் சொல்லவில்லை. டாக்டர் பெனாசிர் தாளை மடித்து வைத்துவிட்டு, வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஒரு சட்டத்தையும் மீறாத அந்தப் பெண், உறையின் அரக்கைக் கத்தரிக்கோலால் உடைத்தார்.

*மா. வடிவாம்பாள், கரடிக்குட்டை, தர்மபுரி மாவட்டம்.*

இரண்டு பேரும் மூன்று பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தபோது மறுநாள் மத்தியானம். மலையடிவாரத்தில் ஓட்டு வீடு. வாசலில் ஒரு பந்தல் போட்டிருந்தது, இன்னும் பிரிக்கவில்லை. மாதையன் வெளியே வந்தான். நெற்றிக்கு மேல் நரைத்திருந்தது. யாரென்று சொல்லத் தேவையிருக்கவில்லை.

"முந்தாநாள் சாயங்காலம்ங்க" என்றான். "ஆறு மணி இருக்கும். நேத்தே எடுத்துட்டோம்ங்க. உங்க அட்ரசு எங்கிட்ட இருந்துச்சு. சொன்னா வருவீங்களா மாட்டீங்களான்னு தெரியலைங்க."

ஆறு மணி. பேனாவை மேஜைமேல் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்து அவர் கால் கழுவிய நேரம்.

நாகவல்லி பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அவன் அவளுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். பிறகு, கோபமில்லாத குரலில், எதையும் மறைக்காமல், நடந்ததை நடந்தபடி சொன்னான். கல்யாணமான வருடத்தில் அவள் மூன்று கடிதம் போட்டாள். மூன்றும் பிரிக்காமல் திரும்பி வந்தன.

"கடுதாசியா?" என்று நாகவல்லி கேட்டாள். அவள் மாதையனைப் பார்க்கவில்லை, புருஷனைப் பார்த்தாள். "என்ன கடுதாசி?"

ஞானசுந்தரம் தரையைப் பார்த்தார். நிலையத்து விலாசத்துக்கு வந்தவை அவை. வாங்கிய கையோடு திருப்பித் தபால்காரரிடம் கொடுத்தது அவர்தான்.

"உடம்பு முடியாமப் போன பொறகு ஒருநாள் பேப்பர்ல பார்த்துச்சுங்க, இந்த மாதிரி உங்க ஆபீசுல நெல்லு கேக்கறாங்கன்னு" என்றான் மாதையன். "அது கையால போட்ட நெல்லுல ஒரு புடி அனுப்புச்சு. அது ஒண்ணும் வாசனை நெல்லு இல்லைங்க, எங்க ஊர்ல எல்லாரும் போடறதுதான். எதுக்கு அனுப்பறேன்னு கேட்டேன். பேர் போட்டாத்தான் எங்கப்பா திருப்பி அனுப்புவாரு, நம்பர் போட்டா மோந்து பார்த்துத்தானே ஆவணும்னு சொல்லிச் சிரிச்சுதுங்க."

"தாள் வந்துச்சா?" என்று ஞானசுந்தரம் கேட்டார். அது அவர் குரலாகவே இல்லை.

"வந்துச்சுங்க. கார்த்திகையில. நாலு பேரு மூணு போட்டிருந்தாங்க. கோசலை அத்தை, கோசலை அத்தைன்னு அந்தக் கையெழுத்தைத் தடவித் தடவிப் பார்த்துச்சு. அப்புறம் கடைசியா உங்களதைப் பார்த்துச்சுங்க." அவன் தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "உங்க மேல ஒண்ணும் வருத்தமா சொல்லலைங்க. எங்கப்பா மூக்கு தப்பே பண்ணாது, அவருகிட்ட என் வாசம் இல்லாமப் போச்சு, அவ்வளவுதான்னு சொல்லிச்சு. வெதைக்கு வெச்சிருந்த மிச்ச நெல்லையும் அரைச்சுடச் சொல்லிடுச்சு. நாங்க ஆக்கித் தின்னுட்டோம்ங்க."

மாதையன் ஓடி வந்து பிடித்திராவிட்டால் நாகவல்லியின் தலை கல்லில் மோதியிருக்கும். மயக்கம் தெளிந்ததும் அவள் சொன்ன முதல் வார்த்தை, "பிள்ளை எங்கே?" என்பதுதான். உள்ளேயிருந்து ஏழு வயதுப் பெண் ஒன்று வந்தது. பெயர் சுபிக்ஷா. தலை இரண்டு நாளாக வாராமல் சிக்குப் பிடித்துக் கிடந்தது. நாகவல்லி சீப்பைக் கேட்டு வாங்கினாள். பிள்ளையை மடிக்கிடையில் உட்கார வைத்து நுனியிலிருந்து சிக்கெடுக்கத் தொடங்கினாள். எடுத்துக்கொண்டே, அண்ணாந்து பார்க்காமல் சொன்னாள்:

"நீங்க ஊருக்குப் போங்க. நான் வரலை."

"எப்ப வருவே?"

"வரலைன்னு சொன்னேன்."

அவர் மாதையனைப் பார்த்தார். அத்தை இருக்கிறதானால் இருக்கட்டும் என்கிற மாதிரி அவன் தலையை அசைத்தான். அவரைப் பற்றி அவன் ஒன்றும் சொல்லவில்லை.

பின்னல் போட்டு முடிந்ததும் பிள்ளை எழுந்து அவர் முன்னால் வந்து நின்றாள்.

"நீங்கதான் மோந்து பார்க்கற தாத்தாவா?"

"ஆமாம்மா."

"கண்ணை மூடிக்குங்க."

மூடிக்கொண்டார். பிள்ளை உள்ளே ஓடி எதையோ கொண்டுவந்து அவர் மூக்கின் கீழ் நீட்டினாள். "ராகி மாவு" என்றார். அடுத்தது நீட்டினாள். "வெளக்கெண்ணெய்." அடுத்தது. "மெஷின் பெல்ட்டு." பிள்ளை கைதட்டினாள். அம்மா சொன்னது சரிதான் என்று அப்பாவிடம் சொன்னாள். பிறகு வெகுநேரம் ஒன்றும் வரவில்லை. பிறகு ஒரு துணி அவர் முகத்தில் பட்டது, துவைக்காத, பழைய, மெத்தென்ற போர்வை.

"இது?"

எல்லாம் இருந்தது அதில். ஆஸ்பத்திரியும் இருந்தது, மஞ்சளும் இருந்தது, பலப்பமும் இருந்தது. அவர் கண்ணைத் திறக்காமலேயே, "உங்கம்மா" என்றார். ஒன்பது வருடமாகத் தொண்டைக்குக் கீழே போட்டு வைத்திருந்தது மேலே வந்து, "வடிவு. எம் மக வடிவு" என்றார்.

"அப்ப ஏன் தெரியலைன்னு எழுதினீங்க?" என்று பிள்ளை கேட்டாள்.

நாகவல்லி கையிலிருந்த சீப்பைக் கீழே வைத்தாள். மாதையன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

"பொய் எழுதினேம்மா."

பிள்ளை அதை யோசித்துப் பார்த்தாள். அவள் பள்ளிக்கூடத்தில் பொய் சொன்னால் சொன்னவர்களிடமே போய்த் திருத்திச் சொல்ல வேண்டும். "அம்மாகிட்ட வந்து சொல்லுங்க" என்று அவர் விரலைப் பிடித்து இழுத்தாள்.

வீட்டுக்குப் பின்னால் ராகி வயல்களைத் தாண்டி, மேட்டில், புது மண் குவித்துக் கல் அணைத்திருந்தது. மாலை இன்னும் வாடி முடியவில்லை. ஞானசுந்தரம் நின்றார். காற்று மலையிலிருந்து இறங்கி வந்தது. அவர் உதடு அசைந்தது.

"கேக்கலை" என்றாள் பிள்ளை. "அம்மாவுக்குக் கடைசியில காதே கேக்கலை. சத்தமா சொல்லணும்."

"வாசம் வந்துச்சும்மா" என்றார்.

"இன்னும் சத்தமா."

"வாசம் வந்துச்சு வடிவு! அப்பாவுக்கு வந்துச்சு! முதல் நாளே வந்துச்சு!"

ராகி வயலில் களை எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். ஒரு கிழவனும் ஒரு பிள்ளையும் மேட்டில் நிற்பதைப் பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டார்கள். அவர் கத்தினார், குரல் உடைந்தது, உடைந்த குரலில் மறுபடி கத்தினார், தூக்கலாக வந்துச்சு, மூணுக்கு மேலே வந்துச்சு என்று கத்தினார், ஒவ்வொரு தடவையும் போதுமா என்று பக்கத்தில் திரும்பிப் பார்த்தார். பிள்ளை மண்ணில் காதை வைத்துக் கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். போதும் என்று அவள் சொல்லவில்லை.